தாழ்ப்பாள் இல்லாத கதவு

பிடிக்காதவற்றைக் கேட்டு எழுதுவதுதான் பூபதிக்குத் தன் வேலையில் மிகவும் பிடித்த பகுதி. ஆண்டு முழுவதும் திரையின் முன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பவர், ஆடி பிறந்ததும் படிவங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோயம்புத்தூரில் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். ஆடியில் யாரும் புது வீடு புகுவதில்லை. இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பார்கள். கம்பெனியில் கை ஓய்ந்திருக்கும் அந்த ஒரு மாதம், தாங்கள் கட்டிக்கொடுத்த சமையலறையிலும் குளியலறையிலும் எதெது பிடிக்கவில்லை என்று குடியிருப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்பது அவருடைய யோசனை. எட்டு வருடமாக நடக்கிறது. படிவத்துக்கு இரண்டு பக்கம். முதல் பக்கம் சமையலறை, இரண்டாவது குளியலறை.

முதல் பக்கம் எப்போதும் நிரம்பி வழியும்.

"கைப்பிடியே இல்லாம அலமாரி செஞ்சு வெச்சிருக்கறீங்களே, தொட்டாத் தெறக்கும்னு சொன்னீங்க. மாவுக் கையோட தொட்டா தெறக்க மாட்டேங்குது. கோவத்துல இடுப்பால ஒரு இடி இடிச்சா மூணும் சேந்து தெறந்துக்குது."

"இந்தக் கறுப்புக் கல்லு இருக்குதே, ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் ஊருக்கே தெரியுது. தொடச்சுத் தொடச்சு என்ர தோள்பட்டை போச்சுங்க."

"சமையக்கட்டுக்குச் செவுரே வேண்டாம்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சான்? மொளகா தாளிச்சா ஹால்ல நியூஸ் பாக்கற இவரு தும்மறாரு. தும்மிட்டு என்னை வேற திரும்பிப் பாக்கறாரு."

அந்த மகராசன் தான்தான் என்று பூபதி சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். வடவள்ளியில் ஓர் அம்மா கிண்ணம் போல் செய்திருந்த தொட்டியைக் காட்டி, "இட்லிக் குண்டாவை இதுக்குள்ள நீங்களே ஒருக்கா கழுவிக் காட்டுங்க சார்" என்று பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டார். கழுவிக் காட்டினார். சட்டை தொப்பலாக நனைந்தது. வீடே சிரித்தது. ஈரச் சட்டையோடு அடுத்த வீட்டுக்குப் போனதை நினைத்தால் இப்போதும் அவருக்குச் சிரிப்பு வரும்.

பிறகு படிவத்தைத் திருப்பி, "பாத்ரூம்ல ஏதாச்சுங்களா?" என்று கேட்பார்.

அந்த இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரு சின்ன அமைதி விழும். காபி தம்ளரை யாராவது எடுத்து வைப்பார்கள். பிறகு வீட்டு ஆண் யாராவது, "அதுல ஒண்ணும் குறையில்லீங்க" என்பார். இரண்டாவது பக்கம் வெறுமையாகவே கையெழுத்தாகும்.

அந்த வெறுமைதான் பூபதியின் பெருமை. ஏனென்றால் அந்தக் குளியலறைக் கதவு அவருடையது.

அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. மரச்சட்டம் போட்ட பனிக்கண்ணாடிக் கதவு. ஆள் உள்ளே போனதும் தானே மூடிக்கொள்ளும். தரை ஓடுகளுக்கு அடியில் காகிதக் கனத்தில் ஒரு விரிப்பு. ஈரப் பாதம் அதன் மேல் பட்டாலே போதும், நாடியும் மூச்சும் அதற்குத் தெரிந்துவிடும். உள்ளே இருப்பவர் விழுந்தாலோ, மயங்கினாலோ, மூச்சுக்குத் திணறினாலோ கதவு திறந்துகொள்ளும். அதே நொடி வீட்டிலிருக்கும் எல்லாருடைய தொலைபேசியும் மணியடிக்கும். பதினோராயிரம் வீடுகளில் இந்தக் கதவு இருக்கிறது. இதுவரை நூற்று நாற்பத்து மூன்று பேரைக் காப்பாற்றியிருப்பதாகக் கணக்கு.

இந்த ஆண்டு ஆடி கொஞ்சம் அவசரமாக வந்தது. இனிக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குத் தாழ்ப்பாளே கூடாது, இந்த மாதிரிக் கதவுதான் வேண்டும் என்று விதி கொண்டுவர அரசுக் குழு ஒன்று யோசித்துக்கொண்டிருந்தது. மக்களுக்கு இது பிடித்திருக்கிறதா என்று குழு கேட்டது. எட்டு வருடத்துப் படிவங்களோடு இந்த வருடத்தையும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை, காளப்பட்டியில் மோகனசுந்தரம் என்பவர் வீட்டுக்குப் பூபதி போனார். ஹாலில் மோகனசுந்தரமும் அவர் மனைவி சாந்தாமணியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் மிருதுளா காபி கொண்டுவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாந்தாமணி சமையலறையைப் பற்றி ஒரு பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுத வைத்தார். பாத்ரூம் என்று கேட்டபோது அந்தச் சின்ன அமைதி வந்தது. மோகனசுந்தரம், "அது சும்மா சொல்லக் கூடாதுங்க, அருமை" என்றார்.

"குழாய் ஒண்ணு ஒழுகுதுங்க" என்றாள் மிருதுளா. "வந்தது வந்தீங்க, ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருங்க."

அவள் பின்னால் போனார். குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. இந்த ஆண்டு பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு ஸ்டூல் இருப்பதை அவர் கவனித்திருந்தார். பெரியவர்கள் உட்கார்ந்து குளிப்பதற்கு என்று நினைத்து, அடுத்த மாதிரியில் சுவரோடு சேர்ந்த ஓர் இருக்கை வைக்கலாமென்று படம்கூடப் போட்டுவிட்டார்.

"மாமியார் இதுல உக்காந்து குளிக்கறாங்களா?"

"அவங்க நின்னுட்டேதான் குளிப்பாங்க. குழாய் இங்க இல்லீங்க, அங்க" என்று பின்பக்கத் துணி துவைக்கும் இடத்தைக் காட்டினாள். அங்கே எந்தக் குழாயும் ஒழுகவில்லை. அவள் சலவை இயந்திரத்தைத் திறந்து, ஏற்கெனவே காய்ந்திருந்த இரண்டு துண்டை உள்ளே போட்டுச் சுழலவிட்டாள். இரைச்சல் எழுந்தது.

"சார், நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தக் கதவு ஒரு நாளைக்கு இருபது நிமிசம் தெறக்காம இருக்கற மாதிரி பண்ண முடியுமுங்களா? ஒரே ஒருக்கா. எப்பன்னு நீங்களே நேரம் குறிச்சுக் குடுத்தாலும் சரிதான்."

"எதுக்குங்க?"

அவள் இயந்திரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூபதி காத்திருந்தார். இந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது, பேசாமல் நிற்பவருக்கு எதிரே பேசாமல் நிற்பது.

"எங்கப்பா போன புரட்டாசியில தவறிட்டாருங்க" என்றாள் கடைசியில். "பதினாறு முடிஞ்சு இங்க வந்தேன். பாத்ரூம்ல போயி அழுதேன். கதவு தெறந்துருச்சு. அத்தை, மாமா, இவரு எல்லாரும் ஓடி வந்து நிக்கறாங்க. நான் ஈரத் துணியோட தரையில உக்காந்திருக்கறேன்."

"விம்மறதும் மூச்சு முட்டறதும் விரிப்புக்கு ஒண்ணாத்தாங்க தெரியும்" என்றார் பூபதி. "எங்களால பிரிக்க முடியல. தப்பா தெறந்தாலும் பரவாயில்ல, தெறக்காம இருந்துறக் கூடாதுனு விட்டுட்டோம்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? நாலு தடவை தெறந்துச்சு. நாலு தடவையும் சுக்குக் காப்பி. இங்க யாரும் கெட்டவங்க இல்லீங்க சார், அதான் கஷ்டமே. திட்டுனா நானும் ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருவேன். என்ன கண்ணு, என்ன கண்ணுனு மூணு பேரும் சுத்தி நின்னா என்ன சொல்றது? பத்து மாசமாச்சு, இன்னுமானு அவங்க மொகத்துல வந்துறக் கூடாதுல்ல."

"மொட்டை மாடி..."

"கேமரா. படுக்கறது இவருகூட. சமையக்கட்டுக்குத்தான் நீங்க செவுரே வெக்கலியே." இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருந்தது அந்த ஒரு ரூம்தானுங்க."

பிறகு ஸ்டூலைப் பற்றி அவளே சொன்னாள். அதன் மேல் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டால் தரைக்கு எதுவும் தெரியாது. ஆனால் மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் போனால் ஆளைக் காணோம் என்று கதவு திறந்துகொள்ளும்.

"மூணு நிமிசத்துக்குள்ள அழுது முடிச்சறோணும். எனக்கு ஆரம்பிக்கவே நாலு நிமிசமாகுது. அதனால ஸ்டூல் எனக்குச் சரிப்படல. பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பழகறேன். வாய்ப்பாடு சொன்னா அழுகை வராதுங்க."

"இதையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒரு குரூப் இருக்குதுங்க. உங்க கதவு வெச்ச வீட்டுப் பொம்பளைங்க அம்பது அறுபது பேரு. அதுல ஒரு அக்கா, பீளமேடு, ஸ்டூல்ல இருந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. கதவு உடனே தெறந்துச்சு. காப்பாத்திட்டோம்னு நீங்ககூடப் பேப்பர்ல போட்டீங்களே."

பூபதிக்கு அந்தச் செய்தி நினைவிருந்தது. நூற்று முப்பத்தொன்றாவது ஆள்.

"எட்டு வருசமா வாரேன்" என்றார் அவர். தன் குரலில் குறை சொல்லும் தொனி ஏறுவதை அவரே கேட்டார். "ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலியே?"

"ஹால்ல உக்கார வெச்சு, மாமனார் முன்னாடி, வெளி ஆம்பளைகிட்ட, பாத்ரூம்ல எனக்கு இது பிடிக்கலைனு எந்தப் பொம்பளை சொல்லுவாங்க? சமையக்கட்டுன்னா சொல்லுவோம். அதைத்தான் விடிய விடிய சொல்றமே."

இயந்திரம் நின்றது. அவள் மறுபடி சுழலவிட்டாள். அந்த இடைவெளியில் பூபதி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் இப்படி நின்றுகொண்டு சொன்னதில்லை. அப்பா குளிக்கப் போய் உள்ளே விழுந்தது, தேக்குக் கதவு, உள்ளிருந்து போட்ட பித்தளைத் தாழ்ப்பாள், உடைக்க நாற்பது நிமிடம் ஆனது, முதல் பத்து நிமிடம் உள்ளேயிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தது கல்லூரி முடித்திருந்த பூபதிதான்.

மிருதுளா கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "உங்கப்பாவுக்குக் கதவு தெறக்கோணும். எனக்கு மூடோணும். ஒரே கதவா இருந்து தொலையுது" என்றாள்.

"இருபது நிமிசம் நிறுத்தி வெச்சு, அந்த இருபது நிமிசத்துல உங்க அத்தை உள்ள போயி விழுந்துட்டாங்கன்னா?"

"அதையும் யோசிச்சேனுங்க. அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நானா வயரைப் புடுங்கல."

பூபதி முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, "இதையெல்லாம் ரெண்டாவது பக்கத்துல எழுதறேன். உங்க பேரு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். கீழே கையெழுத்துக் கோடு இருந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாங்க" என்றாள். துண்டுகளை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

ஹாலில் மோகனசுந்தரம் வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "குழாய் சரியாயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க" என்றார் பூபதி.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் கதவுகளின் பதிவைத் திறந்ததுதான். எந்த வீட்டில் எந்தக் கதவு எத்தனை முறை தானாகத் திறந்தது என்று மாதவாரியாக இருக்கும். அவருக்கு மனப்பாடமான வரைபடக் கோடு அது. கதவு பொருத்திய முதல் மாதம் நான்கு, ஐந்து முறை. அடுத்தடுத்த மாதம் குறைந்துகொண்டே வரும். ஓராண்டில் பூச்சியம். பதினோராயிரம் வீட்டிலும் ஏறக்குறைய இதே சரிவு. இந்தக் கோட்டை மேடைகளில் காட்டி அவர் பேசியிருக்கிறார். கதவு இருக்கிறது என்ற தைரியத்திலேயே வீட்டுக்குள் நிம்மதி வந்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். அதே கோட்டை இப்போது பார்த்தார். பதினோராயிரம் வீட்டில் யார் யாரோ வாய்ப்பாடு கற்றுக்கொண்ட கோடு.

கம்பெனி முதலாளி பிரசன்னா அவருடன் படித்தவர். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சரி பூபதி. எழுதிக் குடு. யாரு கையெழுத்து?"

"யாரும் போட மாட்டாங்கடா."

"அப்பறம்? பேரில்லாத ஒரு பொம்பளை வாஷிங் மிஷின் பக்கத்துல சொன்னாங்கனு கமிட்டிக்கு அனுப்பறதா? நூத்தி நாப்பத்திமூணு பேரு உசுரு ஒரு பக்கம் இருக்குது. இந்தப் பக்கம் வெக்கறதுக்கு ஒரு பேராச்சும் வேணும்ல?" குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஒரே ஒரு வீட்டுக்காரம்மா பிடிக்கலைனு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நானே முதல் பக்கத்துல வெச்சு அனுப்பறேன். உங்க வீட்லயும் அதே கதவுதானே? சிந்துஜாவைக் கேளு. அங்க என்ன, முன்னாடி நின்னு கேக்கறதுக்கு மாமனாரா இருக்காரு?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் பூபதி தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, பதிவில் தன் வீட்டு எண்ணைத் தட்டினார். ஆறு வருடம். ஒரே ஒரு முறை.

அந்த ஒரு முறை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கதவு வைத்த முதல் ஆண்டு. மனைவி சிந்துஜாவின் தங்கை ஈரோட்டில் பிரசவத்தில் இறந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு அவருடைய அம்மாவும் தம்பி குடும்பமும் வந்திருந்தார்கள். எட்டுத் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அடித்தன. ஓடிப்போய்ப் பார்த்தால் சிந்துஜா தரையில், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் என்ன என்ன என்றார்கள். அவள் தலையைத் தூக்கி, "வழுக்கிருச்சு" என்றாள்.

வழுக்கிருச்சு என்பதை அவர் நம்பினார். நம்பியது மட்டுமல்ல. இரண்டு மாதம் கழித்து ஒரு கண்காட்சி மேடையில், "என் வீட்டிலேயே இந்தக் கதவு என் மனைவியைக் காப்பாற்றியது" என்று சொன்னார். மூன்றாவது வரிசையில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அவளும் எழுந்து, கைகூப்பி, சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த உதாரணத்தை அவர் எத்தனை ஊரில் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தார். பதினான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் விடுதியில் இருந்தான். அம்மா தம்பி வீட்டில். சிந்துஜா அடுப்பு மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இத்தன சீக்கிரமா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் நேராகக் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். ஸ்டூல் இல்லை. ஒரு நொடி அவருக்கு மூச்சு லேசாக வந்தது. திரும்பி வந்து மேடையின் எதிர்ப்பக்கம் நின்று, காளப்பட்டி வீட்டில் கேட்டதைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சிந்துஜா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நம்ம வீட்ல ஸ்டூல் இல்ல" என்றார்.

"ஆரம்பத்துல வெச்சிருந்தேன். அப்பறம் தேவைப்படல."

"நீயும் அந்தக் குரூப்லயா?"

"நானெப்படிங்க இருப்பேன்? உங்க பொண்டாட்டின்னா சேத்துவாங்களா?" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் மூன்றாவது வரிசையில் பார்த்திருந்தார். "நானாத்தான் பழகிக்கிட்டேன். பல்லை இறுக்கிக் கடிச்சுட்டு மூக்கால மூச்சு விட்டா ஒண்ணும் ஆகாது. முதல்ல கஷ்டமா இருக்கும். அப்பறம் அதுவா நின்னுரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சிந்து."

"என்னனு சொல்றது? உங்கப்பாவை நெனச்சுச் செஞ்ச கதவு. அதைப் போயி."

பீன்ஸைக் கழுவப் போட்டாள். அவர் பிறகு வெளியே போய், மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். "இதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க? பன்னிக் கொட்டாய்க்குங்களா?" என்று கேட்டே கடைக்காரர் கொடுத்தார். பூபதி குளியலறை விரிப்புக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். கதவின் மரச்சட்டத்தில் துளை போட்டார். ஆடியில் ஆணி அடிக்கிறாரே என்று சிந்துஜா வாசலில் நின்று பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. தாழ்ப்பாள் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார். விழுந்தது.

"ஒருக்கா போயிட்டு வா" என்றார். அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கோயிலுக்கு அனுப்புவதுபோல் இருந்தது.

"இப்பவா?"

"எப்ப வேணும்னாலும்."

அவள் அவரைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பூபதி எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம். பத்து. உள்ளே தண்ணீர் விழவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கூப்பிட்டால் அவரும் தொலைபேசி மணி மாதிரிதான் என்று அடக்கிக்கொண்டார். இருபது. பனிக்கண்ணாடியில் நிழல் அசைகிறதா என்று பார்த்தார், பார்ப்பது தவறென்று தலையைத் திருப்பினார், மறுபடி பார்த்தார். சமையலறையில் பீன்ஸ் தண்ணீர் வடிந்து காய்ந்துகொண்டிருந்தது. அரைமணி தாண்டியது. கதவு தேக்கல்ல, ஓர் உதைக்குத் தாங்காது என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

தாழ்ப்பாள் விலகியது. சிந்துஜா வெளியே வந்தாள். முகம் உலர்ந்திருந்தது. கண் சிவக்கவில்லை.

"வரலைங்க" என்றாள்.

அவர் எழ முயன்றார். கால் மரத்துப்போயிருந்தது.

"அஞ்சு வருசம் அடக்குனது. வான்னா வந்துருமா? அவ மொகத்தை நெனச்சுப் பாத்தேன். மாசமா இருக்கறப்ப நம்ம வீட்டுக்கு வந்து மாங்காய் திங்கோணும்னு அடம் புடிச்சாளே, அதையெல்லாம் நெனச்சேன். பல்லு தானா கடிச்சுக்குது." சற்றுப் பொறுத்து, குறை சொல்லும் குரலில் அல்லாமல், ஏதோ விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்பறம், நீங்க வெளிய உக்காந்துட்டு இருக்கறது தெரியுதுங்க."

பூபதி அவளைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தானே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டார்.

"எங்கீங்க?"

"சும்மா. பேக்கரி வரைக்கும்."

"எப்ப வருவீங்க?"

"நீ சொல்லு."

சிந்துஜா யோசித்தாள். ஆறு வருடத்தில் இப்படி ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டி வந்ததில்லை என்பதுபோல யோசித்தாள். "எனக்கே தெரியலையே" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். தெருமுனையில் தொலைபேசியை அணைத்தார். ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒன்று யாரும் ஏறாமலே நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது.

பேக்கரியில் கடைசி மேசை காலியாக இருந்தது. ஒரு டீ சொன்னார். குடித்தார். இன்னொன்று சொன்னார். பையைத் திறந்தபோது மீதமிருந்த படிவம் ஒன்று கையில் வந்தது. எட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களிடம் நீட்டியிருக்கிறார், தனக்கென்று ஒன்றை எடுத்ததில்லை. நாளை சிந்துஜாவிடம் இதைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தார். இப்போது அது முடியாதென்று தெரிந்தது. அவளிடமிருந்து எடுத்தது போதும்.

முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். வீட்டு உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிடிக்காதது என்ற இடத்தில், இந்தக் கதவு எனக்குப் பிடிக்கவில்லை, வடிவமைத்தவன் நான்தான் என்று எழுதினார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இரண்டு வரிதான் இடம். ஒரு வரி எழுதி அடித்தார். மறுபடி எழுதினார். என் அப்பா பத்து நிமிடம் கூப்பிட்டார், எனக்குக் கேட்டது. என் மனைவி ஐந்து வருடம் கூப்பிடவில்லை, அது எனக்குக் கேட்கவில்லை. அரசுக் குழு இதைக் காரணமாக ஏற்காது என்று அவருக்குத் தெரியும். பிரசன்னா முதல் பக்கத்தில் வைத்து அனுப்புவாரா என்பதும் தெரியாது. கையெழுத்துப் போட்டு மடித்து வைத்தார்.

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. கடையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வீட்டுக்கு இங்கிருந்து நான்கு நிமிட நடை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பேக்கரிக்காரர் மேசையைத் துடைக்க வந்தவர், காலி தம்ளர்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னுங்ணா, இவ்வளவு நேரமா தனியா உக்காந்திருக்கறீங்க? வூட்ல ஆளில்லீங்களா?"

"இருக்காங்க" என்றார் பூபதி. "அதான்."

பேக்கரிக்காரருக்குப் புரியவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு டீ போடட்டுங்களா?"

"மெதுவாப் போடுங்க" என்றார்.